முன்பல்லில் மிச்சமிருந்த கிளிப்

அந்தத் தெருவில் பேன்ட் நீளம், சட்டை லூசு என்று எந்தப் புகார் இருந்தாலும் போய் நிற்கிற இடம் ஒன்றுதான். செருப்புக் கடைக்கும் சாவி போடுகிறவர் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் ஆல்ட்ரேஷன் கடை. இரண்டு வாடிக்கையாளர்கள் சேர்ந்தாற்போல் வந்துவிட்டால் ஒருவர் படியில்தான் நிற்க வேண்டும். முன்னால் கவுண்ட்டர், அதில் மனைவி. பின்னால் சுவரைப் பார்த்தபடி தையல் மிஷின், அதில் கணவர். பக்கவாட்டில் ஓர் ஆளுயரக் கண்ணாடி. அது வாடிக்கையாளர்கள் தங்களைத் தாங்களே மெச்சிக்கொள்வதற்கு.

கணவர் புதுத் துணி தைக்க மாட்டார். யாரோ தைத்ததைப் பிரித்து, குறைத்து, கூட்டி, திரும்பத் தைப்பது மட்டும்தான் வேலை. வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. வேலை படு சுத்தம், சொன்ன நேரத்துக்குத் துணி தயார், வாயில் மட்டும் வார்த்தை கிடையாது. உதட்டில் எப்போதும் இரண்டு மூன்று குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருப்பார். ‘ம்’, ‘ம்ஹூம்’, ஒரு தலையாட்டல், இவ்வளவுதான் பேச்சு. அதனால் தெருவே சேர்ந்து அவருக்கு வைத்த பெயர் குண்டூசி. பேசுகிற வேலையை மனைவி பார்த்துக்கொள்வாள். அவருக்கும் சேர்த்துப் பேசுவாள், சில சமயம் வாடிக்கையாளருக்கும் சேர்த்தே பேசிவிடுவாள்.

ஊசியைக் கவ்வுவது தொழில் பழக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அதில் பாதிதான் உண்மை. மேல்வரிசையில் அவருடைய முன்பற்கள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தன. பள்ளிக்கூடத்தில் அதற்காகப் பட்ட கேலி கொஞ்சநஞ்சமல்ல. அப்போதே வாயை மூடிக்கொள்ளப் பழகியவருக்கு, தையலுக்கு வந்ததும் குண்டூசி நல்ல சாக்காகக் கிடைத்தது. வாயில் ஊசி வைத்திருக்கிற ஆளிடம் யார் வந்து சிரிக்கச் சொல்வார்கள்? கல்யாணப் போட்டோவில்கூட அவர் எதையோ விழுங்கிவிட்டு யாரிடமும் சொல்லாமல் நிற்கிற மாதிரிதான் நிற்பார். அந்தப் போட்டோவைத் துடைக்கும்போதெல்லாம் மனைவி, “அன்னிக்கு என்னைப் பிடிக்கவே இல்லையோன்னு பயந்துட்டேன்” என்பாள். பிடித்துத்தான் இருந்தது. பல் தடுத்துவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஈறில் ரத்தம் கசிகிறது என்று பல் டாக்டரிடம் போனார். டாக்டர் சின்ன வயசுப் பெண்மணி, பொறுமைசாலி. பற்கள் இப்படி ஏறி உட்கார்ந்திருப்பதால் இடுக்கில் அழுக்குச் சேருகிறது, வரிசைக்குக் கொண்டுவந்துவிட்டால் ஈறும் பிழைக்கும் என்றார். இந்த வயசில் பல்லுக்குக் கம்பியா என்று குண்டூசிக்கு வியர்த்துவிட்டது.

“வெளிய தெரியாம போட முடியுமா மேடம்?” என்று கேட்டார். அந்த மாதத்தில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

“செராமிக் கிளிப் இருக்கு சார். பல்லு நிறத்துலயே இருக்கும், பக்கத்துல வந்து உத்துப் பார்த்தாத்தான் தெரியும். ஆனா ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். இரும்பு கிளிப்னா வளைஞ்சு கொடுத்துக் கழண்டு வந்துடும். இது பீங்கான் மாதிரி. வளையாது, உடையும். பசையும் விடாப்பிடியா பிடிச்சிருக்கும். போடறது சுலபம், கழட்டும்போதுதான் பதம் பார்த்துக் கழட்டணும்.”

கழற்றுகிற நாள் எங்கோ கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தது. குண்டூசி சரி என்று தலையாட்டிவிட்டார்.

பற்கள் மெல்ல மெல்லக் காலை இறக்கிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் ஒழுங்காக உட்காரத் தொடங்கின. குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கண்ணாடியில் உதட்டைத் தூக்கிப் பார்ப்பார். யாரிடமும் சொல்லாத ஓர் ஆசையை மனசுக்குள் முடிந்து வைத்திருந்தார். கிளிப்பெல்லாம் போனதும் மனைவியை அழைத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போய், வாய்நிறையச் சிரித்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய போட்டோவுக்குப் பக்கத்தில் அதை மாட்ட வேண்டும். கேட்டால் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும் என்றுதான் அவளிடம்கூடச் சொல்லவில்லை.

ஒரே ஒரு தொல்லைதான் இருந்தது. மாதா மாதம் டாக்டரிடம் போகும்போது, இடப்பக்க முன்பல்லில் மட்டும் கிளிப்பைக் கம்பியோடு பிணைக்கிற குட்டி ரப்பர் வளையம் அறுந்திருக்கும். மற்ற எல்லாப் பல்லிலும் அப்படியே இருக்கும். “கெட்டியா எதையாவது கடிக்கிறீங்களா சார்?” என்று டாக்டரம்மா கேட்பார். “ம்ஹூம்” என்பார் இவர். அவர் புது வளையம் மாட்டி இவரை அனுப்புவார். அடுத்த மாதமும் அறுந்திருக்கும்.

கழற்றுகிற நாள் ஒருவழியாக வந்தது. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மனைவியும் கூடவே கிளம்பினாள். “நீங்க ஒரு வாய் பேச மாட்டீங்க. அவங்க கேக்கறதுக்கு யாரு பதில் சொல்றது?” என்பது அவள் நியாயம்.

நாற்காலியில் அவரைச் சாய்த்து, கண்ணுக்குப் பெரிய கண்ணாடி ஒன்றை மாட்டினார்கள்.

“பல்லுக்குத்தானே வேலை, கண்ணுக்கு எதுக்கு இது?” என்று மனைவி கேட்டாள்.

“உடைஞ்சா துணுக்கு எங்க தெறிக்கும்னு சொல்ல முடியாதும்மா” என்றார் உதவிக்கு நின்ற சிஸ்டர்.

உடைந்தால் என்ற சொல்லைக் கேட்டதும் குண்டூசியின் கை நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டது.

டாக்டரம்மா முதலில் கிளிப்புகளைச் சுற்றி வழிந்து காய்ந்திருந்த பசையைச் சுத்தம் செய்தார். கம்பியை எடுக்காமல் அப்படியே விட்டார். கிளிப் கழன்றாலும் கம்பியிலேயே தொங்கும், தொண்டைக்குள் போகாது என்று விளக்கினார். ஒரு பஞ்சுச் சுருளைக் கடிக்கக் கொடுத்தார். பிறகு வாய் குறுகலான ஒரு பிளையரை எடுத்து, கிளிப்பின் இரண்டு பக்கமும் அணைத்துவைத்து, இழுக்காமல், திருகாமல், மெதுவாக நெருக்கினார். டக். அந்தச் சத்தம் குண்டூசிக்கு மண்டைக்குள்ளேயே கேட்டது. கிளிப் பல்லை விட்டுவிட்டுக் கம்பியில் ஆடியது.

“இழுத்தா என்ன ஆகும் மேடம்?” மனைவிக்கு எல்லாமே தெரிந்தாக வேண்டும்.

“பசைதான் விடணும், பல்லு விடக்கூடாது. வெடுக்குன்னு இழுத்தோம்னா எது முதல்ல விடும்னு நம்ம கையில இல்லம்மா.”

இது குண்டூசிக்கு நன்றாகவே புரிந்தது. தையலைப் பிரிக்கும்போது நூல்தான் அறுபட வேண்டும், துணி கிழியக் கூடாது. இந்தப் பொண்ணு தொழில் தெரிஞ்சவ என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டார். பயம் கொஞ்சம் இறங்கியது. டக், டக் என்று வலப்பக்கம் முழுக்கக் கழன்றது. பிறகு இடப்பக்கத்துக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக முன்னால் வந்தார் டாக்டரம்மா. எல்லாம் முடிந்து, நட்ட நடுவில் இடப்பக்க முன்பல் மட்டும் மிச்சம். அதில் பிளையரை வைக்கப் போனவர் வைக்கவில்லை. விளக்கைப் பக்கவாட்டில் திருப்பினார். ஊதிக் காயவைத்தார். சின்னக் கண்ணாடியைப் பல்லுக்குப் பின்னால் பிடித்தார். பிறகு பிளையரைத் தட்டில் வைத்துவிட்டார்.

“சார், இந்தப் பல்லுல எப்பவாவது அடி பட்டுச்சா? கீழ விழுந்தீங்களா?”

“ம்ஹூம்.”

“இந்தக் கிளிப்ல ஒரு மூலையே இல்ல. உடைஞ்சு போயிருக்கு. கீழ பல்லு நுனியில நறுக்குன மாதிரி ஒரு பள்ளம். அதுலேருந்து கிளிப்புக்கு அடியில முடி மாதிரி ஒரு கீறல் போகுது. நகம் கடிப்பீங்களா? பேனா மூடி? பாட்டில் மூடியைப் பல்லால திறப்பீங்களா?”

எல்லாவற்றுக்கும் ம்ஹூம். டாக்டரம்மா மனைவியைப் பார்த்தார்.

“அய்யோ, அதெல்லாம் நல்ல பழக்கம்ங்க. எதையும் கடிக்க மாட்டார். ரொட்டியவே பிய்ச்சுப் பிய்ச்சுத்தான் சாப்பிடுவார்” என்று மனைவி சான்றிதழ் கொடுத்தாள்.

கம்ப்யூட்டரில் இரண்டு வருஷத்துக்கு முந்தின படங்களைத் திறந்து பார்த்தார் டாக்டரம்மா. அதனாலும் பிரயோசனம் இல்லை. அப்போது அந்தப் பல்லின் பாதி பக்கத்துப் பல்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. பள்ளம் அன்றைக்கே இருந்ததா, நேற்று வந்ததா என்று படம் சொல்லவில்லை. சிஸ்டர் கிளிப்பின் உடைந்த மூலையிலிருந்து இடுக்கியால் ஒரு சாம்பல் நிறப் பிசிரை எடுத்துக் காட்டினார். “டெய்லர் ஆச்சே, உடம்பு பூரா நூல்தான்” என்று சொல்லித் துடைத்துப் போட்டார்.

“எனக்கும் குழப்பமாத்தான் இருக்கு சார்” என்று டாக்டரம்மா ஒத்துக்கொண்டார். “மூலை இல்லாததால பிளையருக்குப் பிடிமானம் கிடைக்காது. கீறல் வேற இருக்கு. நெருக்கும்போது பல்லோட ஒரு சில்லு சேர்ந்து பெயர்ந்து வந்துச்சுன்னா என்னால பழையபடி ஆக்க முடியாது. கிளிப்பை அரைச்சுத்தான் எடுக்கணும். அதுக்கு முன்னாடி கீறல் எவ்வளவு ஆழம்னு தெரியணும். புதுசா, ஆழமா இருந்தா பல்லு வலிக்க ஆரம்பிக்கும். அடுத்த வாரம் வாங்க, பார்ப்போம். அதுவரைக்கும் எதைக் கடிச்சீங்கன்னு யோசிச்சு வைங்க. காரணம் தெரியாம கழட்டி அனுப்பினா, அதே காரணம் பல்லை உடைச்சிடும்.”

கம்பியை நறுக்கி எடுத்துவிட்டு, ஒற்றைக் கிளிப்போடு அவரை வீட்டுக்கு அனுப்பினார்.

அன்றிலிருந்து குண்டூசிக்கு ஒன்றும் ஓடவில்லை. வாயில் மற்ற பற்களெல்லாம் வழவழவென்று இருக்க, நாக்கு போய்ப் போய் அந்த ஒற்றைக் கிளிப்பில்தான் முட்டியது. எதைக் கடித்தேன்? தன் பல்லுக்கு நேர்ந்தது தனக்கே தெரியவில்லையே என்று அவமானமாக இருந்தது. ஊசியா? அது உதட்டோடு சரி, பல்லில் படுவதே இல்லை. முந்திரியா? ஐஸ் கட்டியா? அவருக்கு ஐஸ் என்றாலே ஆகாது. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேனா என்று மனைவியைக் கேட்டார்.

“நீங்களா? தூங்கும்போதுதான் வாயே திறக்கறீங்க. பல்லு பல்லுல படவே படாது” என்றாள் அவள்.

ஒரு மத்தியானம் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு, மெல்லுவதா விழுங்குவதா என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பேன்ட் ஒன்றைக் கூட்டச் சொன்னால் குறைத்து வைத்தார். அவர் தொழிலுக்கு வந்து அப்படி ஒரு தப்பு பண்ணியதே இல்லை. மனைவிதான் வாடிக்கையாளரிடம், “அவருக்கு உடம்பு சரியில்லைங்க” என்று சமாளித்தாள்.

செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற மச்சினன் செய்தி கேட்டு ஓடிவந்தான். அவனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் கிடையாது, எல்லாம் வீடியோவில் பார்த்தது.

“மாமா, அரைக்கிறதுன்னா சும்மா இல்ல. சூடு ஏறும். உள்ள இருக்கிற நரம்பு வெந்து போயிடும். நான் சொல்றதைக் கேளுங்க, பேசாம அப்படியே விட்டுடுங்க. வெளியதான் தெரியலையே!”

“ஒத்தக் கிளிப்போட காலம் பூராவா?” என்று அக்கா அதட்டினாள்.

“எதுக்குச் சொல்றேன்னா, அந்த டாக்டரே பிளையர் வெச்சு நெருக்கும்போது கீறல் விட்டிருந்தா? பழியைத் தூக்கி நம்ம மேல போட்டுட்டாங்கன்னா?”

அவன் போன பிறகும் அந்தக் கடைசி வார்த்தை போகவில்லை. பொறுமையாகப் பார்த்த அந்தப் பெண்மேல் சந்தேகப்படுவதா என்று குண்டூசி தன்னையே திட்டிக்கொண்டார். அடுத்த நிமிஷமே, ஒருவேளை இருக்குமோ என்று தோன்றியது. அந்தப் பல்லில் பிளையர் படவே இல்லை என்பது அவருக்கே தெரியும். தெரிந்தும் நினைத்தார். ஸ்டுடியோ போட்டோ ஆசை வேறு நடுநடுவே வந்து எட்டிப் பார்த்தது. பல் ஆடவில்லை, வலிக்கவில்லை, ஆனாலும் பாதிப் பல்லோடு சிரிக்கிற ஒரு முகம்தான் கண்ணை மூடினால் தெரிந்தது.

கடைசியில் மனைவி ஒரு முடிவுக்கு வந்தாள். “உங்களுக்குத் தெரியாம நீங்க எதையோ கடிக்கிறீங்க. நான் உக்காந்து பார்க்கிறேன்.” ஸ்டூலை மிஷினுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, நாள் பூராவும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கவுண்ட்டருக்கு ஆள் வந்தால்கூடத் திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னாள். சாயங்காலம் எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு தீர்ப்பு சொன்னாள்.

“ஒண்ணுமே கடிக்கலைங்க நீங்க. சாப்பிட்டது, தண்ணி குடிச்சது, அவ்வளவுதான். அந்த டாக்டருக்குத்தான் ஏதோ தெரியல.”

குண்டூசிக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். குழப்பம்தான் கூடியது. ஒன்றும் செய்யாமலே பல் உடைகிறது என்றால் எதை நிறுத்துவது?

மறுநாள் ஒரு வங்கிக்காரர் வந்தார். வருஷத்துக்கு ஒருமுறை இடுப்பைக் கூட்டிக்கொண்டு போகிறவர், இந்தமுறை பேன்ட்டின் அடி மடிப்பையும் சரிபண்ணச் சொன்னார். அவரைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, குண்டூசி கீழே மண்டி போட்டு உட்கார்ந்தார். ஊசிகளை உதட்டின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டார். மடிப்பு நகராமல் இருக்க, ஆள் போட்டிருக்கும்போதே கையால் நாலு தையல் ஓட்டுவது அவர் வழக்கம். ஒரு காலை முடித்தார். அந்த நேரம் பார்த்து வங்கிக்காரருக்குப் போன் வந்தது. “ஒரு நிமிஷம்” என்று அவர் ஒரு தப்படி நகர்ந்தார். நூல் நீண்டது. குண்டூசி நிமிர்ந்தார்.

கண்ணாடியில் ஒரு ஆள் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தான். கழுத்தில் நாடாவில் கோத்த நூல் கத்தரி தொங்கியது. அவன் நூலை இடது கையால் இழுத்துப் பிடித்து, முன்பல்லில் கொக்கி மாதிரி மாட்டி, தலையை ஒரு வெட்டு வெட்டினான். டிக். நூல் அறுந்தது.

குண்டூசி திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. யாரந்த ஆள் என்று ஒரு கணம் உண்மையிலேயே விளங்கவில்லை. தான் கத்தரியால்தான் நூல் வெட்டுகிறோம் என்று சத்தியம் பண்ணுகிற அளவுக்கு அவருக்கு நிச்சயம். பிறகு எதற்குக் கழுத்தில் கத்தரியை மாட்டிக்கொண்டு அலைகிறார்? சோதித்துப் பார்க்கலாம் என்று இன்னொரு காலுக்குத் தையல் ஓட்டினார். இந்தமுறை கத்தரியால்தான் வெட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தார். நினைப்பு ஒரு பக்கம் இருக்க, கை பாட்டுக்கு வாய்க்குப் போனது. உதடு தானாகத் திறந்தது. பல்லை எட்டுவதற்கு முன்னால் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் கையை அவரே பிடிக்க வேண்டியிருந்தது.

“முடிஞ்சுதா?” என்றார் வங்கிக்காரர்.

“ம்” என்றார் குண்டூசி.

வங்கிக்காரர் படி இறங்கியதும் ஊசிகளை உதட்டிலிருந்து எடுத்து வைத்துவிட்டுக் கவுண்ட்டருக்கு வந்தார்.

“நான் நூலைக் கடிக்கிறேனா?”

மனைவி துணி மடித்துக்கொண்டே, “ஆமா” என்றாள்.

“எப்பலேருந்து?”

“எப்பலேருந்துன்னா? கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து பார்க்கிறேன். பட்டன் வெச்சாலும் கடிப்பீங்க, ஓரம் மடிச்சாலும் கடிப்பீங்க. அந்தக் கத்தரிய நீங்க எடுத்து நான் பார்த்ததே இல்ல.”

“டாக்டர் கேட்டாங்களே, எதையாவது கடிப்பாரான்னு!”

“நகம், பேனா மூடி, பாட்டில் மூடின்னு கெட்டியானதைத்தான் கேட்டாங்க. நூல் என்ன கெட்டியா?”

“நேத்து பூரா உக்காந்து பார்த்தியே?”

“பார்த்தேனே. நீங்க எதையும் கடிக்கல. நூலைத்தான் கடிச்சீங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் அவள் கை மடிப்பில் நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குண்டூசி கழுத்திலிருந்த கத்தரியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். வாங்கின நாளில் பூசியிருந்த எண்ணெய்கூடப் பிசுபிசுப்பாக அப்படியே இருந்தது.

வரச் சொன்ன நாளில் போய் டாக்டரம்மாவிடம் இதைச் சொல்ல அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மனைவியைப் பேச விடாமல் தானே சொன்னார். டாக்டரம்மா சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். அவர் சிரிக்கவில்லை, நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

“நூல் நம்ம கையிலயே இருந்துச்சே சார், போன தடவை! சிஸ்டர் எடுத்துக் காட்டினாங்களே. ரெண்டு பல்லும் ஏறி இருந்தப்போ அந்த இடுக்கே உங்களுக்குக் கத்தரியா இருந்திருக்கு. பள்ளமும் கீறலும் அப்ப விழுந்ததாத்தான் இருக்கணும். பல்லு நேரான பிறகு இடுக்கு போச்சு. கை சும்மா இருக்குமா? கிளிப்போட மூலைய பிடிச்சுக்கிச்சு. ஒவ்வொரு தடவையும் வெடுக்குன்னு இழுத்து இழுத்து ரப்பரும் போச்சு, மூலையும் போச்சு. வலி இருந்துச்சா இந்த வாரம்?”

“இல்ல மேடம்.”

குளிர்ந்த பஞ்சைப் பல்லில் வைத்துப் பார்த்தார். விளக்கைப் பின்னாலிருந்து பாய்ச்சிப் பார்த்தார். “மேலோட்டமான கீறல்தான்னு தோணுது. ஆனாலும் பிளையர் வேண்டாம். அரைச்சே எடுத்துடலாம்.”

“சூட்டுல நரம்பு வெந்து போயிடும்னு மச்சினன் சொன்னான்” என்றார் குண்டூசி. மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஒரே நாளில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

“தண்ணி இல்லாம அரைச்சா அப்படித்தான் ஆகும். நாம தண்ணி பாய்ச்சிக்கிட்டே, நிறுத்தி நிறுத்தி அரைப்போம்.”

டிரில்லின் கூர்மையான ஊளை தொடங்கியது. குளிர்ந்த தண்ணீர் பல்லில் பீய்ச்சி அடிக்க, சிஸ்டர் பக்கத்திலிருந்து குழாயால் உறிஞ்சிக்கொண்டே இருந்தார். கிளிப் வெள்ளை, பசை வெள்ளை, பல்லும் வெள்ளை. வாயில் கரைந்து ஓடுவது மூன்றில் எது என்று குண்டூசிக்குத் தெரியவில்லை. எல்லாமே தன் பல்தான் என்று தோன்றியது. டாக்டரம்மாவுக்கும் அந்த எச்சரிக்கை இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் அரைப்பார், நிறுத்துவார், ஊதிக் காயவைப்பார், விளக்கைச் சாய்த்துப் பார்ப்பார், பல் ஆற விட்டு மறுபடி தொடங்குவார். அவர் நிறுத்தும்போதெல்லாம் குண்டூசியின் நெஞ்சும் நின்றது. என்னவோ ஆகிவிட்டது, அதனால்தான் நிறுத்துகிறார் என்று ஒவ்வொரு முறையும் நினைத்தார். மனைவி அவர் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கடைசியில் வேறொரு நுனியை மாட்டிப் பசையை வழித்தெடுத்து, மெருகு போட்டார். “நாக்கால தடவிப் பாருங்க சார்.”

தடவினார். எதுவும் முட்டவில்லை. அங்கே ஒரு முழுப் பல் இருந்தது. கண் கலங்கிவிட்டது, கண்ணாடி போட்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

“கீறல் போகாது. அது இருக்கட்டும், பல்லு உங்களோடதுதான். நுனிப் பள்ளத்தைக் கொஞ்சம் நிரப்பியிருக்கேன். பல்லுக்குப் பின்னாடி மெல்லிசா ஒரு கம்பி ஒட்டியிருக்கேன், திரும்ப ஏறி உக்காராம இருக்க. இனிமே அதுல நூல் வெச்சீங்கன்னா, எப்ப பிளக்கும்னு என்னால சொல்ல முடியாது” என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்ததும் குண்டூசி ஸ்டுடியோ ஆசையை மனைவியிடம் உடைத்துச் சொல்லிவிட்டார். அவள் நடப்பதை நிறுத்திவிட்டாள்.

“அப்ப முதல்ல எனக்குச் சிரிச்சுக் காட்டுங்க.”

அவர் உதட்டை மேலே தூக்கி, கீழே இழுத்து, பல் முழுவதையும் காட்டினார்.

“போதும் போதும். டாக்டருக்குக் காட்டற மாதிரி காட்டறீங்க. பார்க்கவே பயமா இருக்கு” என்றாள்.

இன்னும் இரண்டு தடவை முயற்சி பண்ணினார். வரவில்லை. பல் இருக்கிறது, சிரிப்பு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. இத்தனை வருஷம் அதை எடுத்ததே இல்லையே. வாடிய முகத்தோடு கடைக்கு வந்து ஷட்டரைத் தூக்கினார். ஸ்டுடியோப் பேச்சை இருவரும் விட்டுவிட்டார்கள். மனைவி மட்டும் ஒரு காரியம் செய்தாள். ஆளுயரக் கண்ணாடியை இழுத்துவந்து மிஷினுக்கு நேரே சுவரில் சாய்த்துவைத்தாள். குண்டூசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கவுண்ட்டரில் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

அவர் ஒரு சட்டைக்குப் பட்டன் வைத்தார். முடிச்சுப் போட்டார். கண்ணாடியில் அந்த ஆளின் கை நூலோடு கிளம்பி, மார்பைத் தாண்டி, மோவாயைத் தாண்டி, உதட்டுக்கு வந்தது.

“ம்ஹூம்” என்றாள் மனைவி, கவுண்ட்டரிலிருந்து திரும்பாமலே.

அது அவருடைய வார்த்தை. அவருடைய குரல் மாதிரியே சொன்னாள். திருடப் போய் மாட்டிக்கொண்டவன் மாதிரி கை அந்தரத்தில் நிற்க, வாய் பாதி திறந்திருக்க, கண்ணாடியில் தன்னைப் பார்த்தார் குண்டூசி. வயிற்றுக்குள் எங்கிருந்தோ கிளம்பியது அது. உதட்டில் ஊசி இல்லை, தடுக்க ஒன்றும் இல்லை. சத்தமாக, தோள் குலுங்க, எல்லாப் பல்லும் தெரிய சிரித்துவிட்டார்.

யாரோ புது ஆள் உள்ளே வந்துவிட்டார் என்று நினைத்து மனைவி சட்டென்று திரும்பினாள். அவரைப் பார்த்தாள். புது வாடிக்கையாளருக்கு முன்னால் நிற்கிற மாதிரி முடியைச் சரிசெய்துகொண்டாள். அவளுக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை, அவளுக்கே.

“இத்தனை வருஷமா இதை எங்கங்க வெச்சிருந்தீங்க?” என்று கடைசியில் கேட்டாள்.

அவர் வழக்கம்போல ‘ம்’ என்று சொல்லப் பார்த்தார். அதற்கு உதட்டை மூட வேண்டும், மூட முடியவில்லை.